மலாக்காவுக்குத் தனி வண்டி: வாடகையைக் கேட்கும் முன் உரிமத்தைக் கேளுங்கள்

வாசகர் கேள்வி: சிங்கப்பூரில் ஜூரோங் வெஸ்ட்டில் வசிக்கிறோம். கணவருக்கு எம்ப்ளாய்மெண்ட் பாஸ்; எனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் (8 வயது, இரண்டரை வயது) டிபெண்டன்ட் பாஸ். தஞ்சாவூரிலிருந்து என் பெற்றோர் வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் இந்தியக் கடவுச்சீட்டு. அப்பாவுக்கு 71 வயது, முட்டியில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறார். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குக் கிளம்பி மலாக்காவில் இரண்டு இரவு தங்கி ஞாயிறு இரவு திரும்ப நினைக்கிறோம். ஜோங்கர் தெருவில் ஒரு பழைய வீட்டு விடுதி பார்த்திருக்கிறோம். டெலிகிராம் குழுவில் மலேசிய வண்டி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது; “எல்லையில் கேட்டால் சொந்தக்காரர்கள் என்று சொல்லுங்கள்” என்கிறார் ஓட்டுநர். சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று 7 இருக்கை அல்ஃபார்ட் தருகிறது, வாடகை கூடுதல். எதை எடுப்பது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

டெலிகிராம் வண்டியை இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். “சொந்தக்காரர்கள் என்று சொல்லுங்கள்” என்ற அந்த ஒரு வாக்கியமே போதும். உரிமம் இருப்பவர் உங்களைப் பொய் சொல்லச் சொல்லமாட்டார். அந்தப் பொய்யைக் குடிநுழைவு அதிகாரியிடம் சொல்லப்போவது நீங்கள். வேலை பாஸில் இருக்கும் கணவரையும் விசாவில் வந்திருக்கும் பெற்றோரையும் அந்த நிலையில் நிறுத்த வேண்டாம்.

சிங்கப்பூரில் உரிமமில்லாமல் எல்லை தாண்டி ஆளேற்றினால் 3,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், வண்டியும் பறிமுதலாகலாம். தண்டனை ஓட்டுநருக்குத்தான் என்று பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். வண்டியைப் பிடித்துவிட்டால் நடுவழியில் பெட்டிகளோடு நிற்கப்போவது பயணிகள்தான். காப்பீடும் கைகொடுக்காமல் போகலாம். சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த காப்பீட்டில் வாடகைக்கு ஆள் ஏற்றினால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமிருக்கிறது. வாடகை மலிவாக இருப்பதற்கு ஒரு காரணமே உரிமத்துக்கும் வாடகைக் காப்பீட்டுக்கும் அவர் பணம் கட்டாததுதான்.

சிங்கப்பூர் நிறுவனத்தின் அல்ஃபார்டுக்கு வருவோம். விலை கூடுதல், நிறுவனம் முறைப்படி பதிவானது, அதனால் சட்டப்படி சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். நிறுவனம் பதிவாகியிருப்பது ஒன்று. இந்த வண்டி இந்த வழியில் கட்டணத்துக்கு ஆளேற்ற அனுமதி பெற்றிருப்பது வேறொன்று. சிங்கப்பூர் உரிமம் சிங்கப்பூருக்குள்தான் செல்லும். மலேசிய மண்ணில் ஆளேற்ற மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி அங்கே தனி உரிமம் வேண்டும். மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை சிங்கப்பூர்ப் பதிவெண் கொண்ட சொகுசு வண்டிகளையும் பிடித்திருக்கிறது. மறுபக்கம், மலேசியப் பதிவு வண்டி சிங்கப்பூருக்குள் ஆளேற்றச் சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம் தரும் பொதுச் சேவை வாகன உரிமமும், ஆசியான் பொதுச் சேவை வாகன அனுமதியும் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பதிவெண் வண்டி வரும்? அந்த எண்ணுக்குச் சிங்கப்பூரில் என்ன உரிமம், மலேசியாவில் என்ன உரிமம்? இரண்டின் நகலும் வேண்டும், காலாவதித் தேதி தெரிய வேண்டும். உரிமத்தில் இருக்கும் எண்ணும் அனுப்பப்போகும் வண்டியின் எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். “பல வருடமாக ஓட்டுகிறோம், ஒன்றும் ஆகாது” என்பது பதில் ஆகாது. சிங்கப்பூர் வண்டி என்றால் மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி பதிவாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள்; 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத தனியார் வண்டிகளுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த அனுமதி வண்டி நுழைவதற்கு மட்டும்தான், ஆளேற்றுவதற்கு அல்ல. அதையே “மலேசிய பெர்மிட்” என்று காட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு.

இரண்டு உரிமங்களையும் காட்டும் நிறுவனம் கிடைத்தால் வீட்டு வாசலிலிருந்து விடுதி வாசல் வரை ஒரே வண்டி. உங்கள் அப்பாவுக்கு அதுதான் சுகம். கிடைக்கவில்லை என்றால் பயணத்தை இரண்டாக உடையுங்கள். சிங்கப்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே இரு நாட்டு உரிமமும் பெற்ற எல்லை டாக்சிகள் ஓடுகின்றன. சிங்கப்பூரில் குவீன் ஸ்திரீட் பக்கம் பான் சான் ஸ்திரீட் நிலையம், ஜொகூரில் லார்க்கின் நிலையம். ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து பான் சான் போவது எதிர்த்திசையில் நகர மையத்துக்குப் போவது மாதிரி. முன்பதிவு செய்தால் வீட்டுக்கே வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக ஒரு டாக்சியில் நான்கு பேர்தான், உங்களுக்கு இரண்டு டாக்சி தேவைப்படும். லார்க்கினிலிருந்து மலாக்காவுக்கு மலேசிய உரிமம் பெற்ற பெரிய வண்டியை முன்பதிவு செய்யுங்கள். அந்தப் பகுதி முழுக்க மலேசியாவுக்குள் நடப்பதால் எல்லைச் சிக்கல் எதுவும் கிடையாது. மலேசிய டாக்சிகளின் பதிவெண் ‘எச்’ எழுத்தில் தொடங்கும், சிங்கப்பூர் டாக்சிகள் ‘எஸ்எச்’. தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். இரண்டு வண்டி மாறுவது சற்று அலைச்சல்தான். இருந்தாலும் உரிமம் தெளிவில்லாத ஒரே வண்டியைவிட இதையே சொல்வேன்.

விரைவுப் பேருந்தை உங்கள் குடும்பத்துக்குக் கடைசியாகத்தான் வைப்பேன். சிங்கப்பூர் சாவடியில் ஒருமுறை, மலேசியச் சாவடியில் ஒருமுறை எல்லோரும் இறங்க வேண்டும். மலேசியப் பக்கம் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். முட்டி வலியுள்ளவருக்கும் தூங்கும் குழந்தைக்கும் அது பெரிய தண்டனை.

இதே காரணத்துக்காகத் தனி வண்டி எடுக்கும்போதும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்; பலர் கேட்பதில்லை. வண்டி சாவடியில் கார் தடத்தில் போகுமா, பஸ் தடத்தில் போகுமா? கார் தடத்தில் உட்கார்ந்த இடத்திலேயே சோதனை முடிந்துவிடும். சிற்றுந்து வகையில் பதிவான வண்டியானால் பஸ் தடத்துக்கு அனுப்பப்படலாம், அப்போது எல்லோரும் இறங்கிக் கூடத்துக்குள் நடக்க வேண்டும். ஆறு பேருக்கு வசதியாக இருக்கிறதே என்று 13 இருக்கை வேன் எடுத்துவிட்டு அங்கே போய்த் திகைத்து நிற்க வேண்டாம். ஹையேஸ் மாதிரி வேன்களில் ஏறும் படியும் உயரம். அறுவை சிகிச்சை ஆன முட்டியோடு அதில் ஏறி இறங்குவது கடினம்.

7 இருக்கை அல்ஃபார்ட் என்பதில் ஓட்டுநர் இருக்கையும் சேர்த்தி. நீங்கள் ஆறு பேர், ஒரு இருக்கைகூட மிச்சமில்லை. மூன்றாவது வரிசையை மடக்காமல் வைத்தால் பின்னால் பெரிய பெட்டிகளுக்கு இடம் மிகக் குறைவு. தள்ளுவண்டியும் அப்பாவின் கைத்தடியும் சேர்ந்தால் பெட்டிகள் காலடிக்கு வந்துவிடும். அல்ஃபார்ட்தான் என்று முடிவானால் பெரிய கடினப் பெட்டிகளை விட்டுவிட்டு, அமுக்கினால் அமுங்கும் துணிப்பைகளாக நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியப் பகுதிக்குத் தனி வண்டி என்றால் ஸ்டாரெக்ஸ், ஸ்டாரியா போன்ற பெரிய வண்டியைக் கேளுங்கள்; கடைசி வரிசை முழுவதும் பெட்டிகளுக்கு ஆகும். அப்பாவை நடு வரிசையில், நகர்கதவுப் பக்கம் உட்கார வையுங்கள். முன் இருக்கையில் காலை நீட்டலாம் என்று தோன்றும். ஆனால் முட்டியை மடக்கித் திரும்பி இறங்குவது நடு வரிசையில்தான் எளிது.

குழந்தை இருக்கையை நிறுவனம் தரும் என்று நம்பிவிடாதீர்கள். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். டாக்சிகளுக்கு விலக்கு உண்டு, தனியார் வாடகைக் கார்களுக்குக் கிடையாது. மலேசியாவிலும் 2020 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது. இரண்டரை வயதுக் குழந்தைக்கு முழு இருக்கை, எட்டு வயதுப் பிள்ளைக்கு உயரம் 1.35 மீட்டர் எட்டவில்லை என்றால் உட்காரும் உயரத்தைக் கூட்டும் பூஸ்டர் இருக்கை. சொந்தமாக இருப்பதை எடுத்துப்போவதே நல்லது. சட்டம் விலக்குத் தந்தாலும் டாக்சியிலும் அதை மாட்டுங்கள்.

இனி நேரம். வெள்ளி மாலை 5 மணி என்பது நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய மிக மோசமான நேரம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மலேசியர்கள் வீடு திரும்பும் நேரமும் வார இறுதிக்குக் கிளம்பும் சிங்கப்பூரர்களின் நேரமும் அப்போது ஒன்றாகச் சேர்ந்துவிடும். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரிலும் சனி, ஞாயிறுதான் வார விடுமுறை. முன்பு வெள்ளி, சனியாக இருந்தது. இப்போது இரு பக்கமும் ஒரே நாளில்தான் விடுமுறை எடுக்கிறது. பள்ளி விடுமுறையோ நீண்ட வார இறுதியோ சேர்ந்தால் சாவடியில் மட்டும் மூன்று மணி நேரம் ஆவது புதிதல்ல. அந்த வரிசையில் கழிப்பறை கிடையாது, காரை விட்டு இறங்கவும் முடியாது. நீர் மாத்திரை சாப்பிடும் ஒருவரை அதில் உட்கார வைப்பதை நினைத்துப் பாருங்கள்.

கணவர் வெள்ளிக்கிழமை ஒருநாள் விடுப்பு எடுக்கட்டும். மூத்த பிள்ளைக்குப் பள்ளி விடுமுறையாக இருக்கும் வாரமாகப் பாருங்கள், ஆனால் விடுமுறையின் முதல் வெள்ளியைத் தவிருங்கள். வார நாள் காலையில் கூட்டமெல்லாம் ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வரும். நீங்கள் எதிர்த்திசையில் 9, 10 மணிக்குப் போனால் வழி லேசாக இருக்கும். ஞாயிறு இரவுத் திரும்புதலையும் மாற்றுங்கள். மலாக்காவைக் காலை 9 மணிக்கு விட்டால் மதியத்துக்குள் எல்லையைத் தொட்டுவிடலாம். மாலை 4 மணிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர்ப் பக்கம் வரிசை நீளும்.

வெள்ளி மதியத்துக்கு ஒரு குறிப்பு. ஓட்டுநர் முஸ்லிமாக இருந்தால் 1 மணியை ஒட்டி ஜும்மா தொழுகைக்கு நிறுத்த வேண்டியிருக்கும். முதல்நாளே கேட்டு, உங்கள் மதியச் சாப்பாட்டை அந்த நேரத்தில் வைத்துக்கொண்டால் அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நேரம் வீணாகாது.

ஜூரோங்கிலிருந்து போவதால் துவாஸ் இரண்டாம் இணைப்புதான் உங்கள் வழி. 1998இல் திறந்த பாலம். சாலைக்கட்டணம் இன்னொரு எல்லை வழியான உட்லண்ட்ஸைவிடக் கூடுதல், ஆனால் ஜொகூர் பாரு நகர நெரிசலுக்குள் நுழையாமல் நேராக வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். (லார்க்கின் வழி போனால் உட்லண்ட்ஸ் கடற்பாலம்தான்.) சிங்கப்பூரிலிருந்து மலாக்கா ஏறத்தாழ 240 கிலோமீட்டர், ஆயர் கெரோ வெளிவழியில் இறங்க வேண்டும். சாவடி நேரம் போக, நிற்காமல் ஓட்டினால் இரண்டரை, மூன்று மணி நேரம். நீங்கள் நிற்க வேண்டும். முதல் நிறுத்தம் மாச்சாப் ஓய்விடம், அடுத்தது பாகோ. இரண்டிலும் கழிப்பறை, கடைகள் உண்டு. பொதுக் கழிப்பறைகளில் குந்தி உட்காரும் வகை அதிகம். அப்பாவுக்கு ‘ஓகேயு’ என்று எழுதியிருக்கும் மாற்றுத்திறனாளிகள் கழிப்பறையைத் தேடுங்கள். மேற்கத்திய பீங்கானும் கைப்பிடியும் இருக்கும். சைவமானால் ஓய்விடங்களை நம்பாமல் இட்லியோ புளியோதரையோ கட்டிக்கொண்டு போங்கள். நீர் மாத்திரையைப் பயணத்தன்று எந்த நேரத்தில் போடுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

காகிதங்களில்தான் பெரும்பாலான குடும்பங்கள் சிக்குகின்றன. உங்கள் குடும்பத்தில் பார்க்க வேண்டியது முதலில் பெற்றோரின் சிங்கப்பூர் விசா. அது ஒருமுறை மட்டும் நுழையும் விசாவா, பலமுறையா? ஒருமுறை என்றால் மலேசியாவுக்குப் போன பிறகு திரும்பி வர வழியில்லை. வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். இந்தியர்களுக்கு மலேசியா 30 நாள் விசா விலக்கு தந்திருக்கிறது, 2026 டிசம்பர் 31 வரை. கடவுச்சீட்டு 6 மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும், விடுதி முன்பதிவும் கைவசம் இருக்கட்டும்.

மலேசிய மின்னிலக்க வருகை அட்டை சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத் தேவையில்லை. ஆனால் எம்ப்ளாய்மெண்ட் பாஸ், டிபெண்டன்ட் பாஸ் இருப்பவர்களுக்கும் தேவை, இரண்டரை வயதுக் குழந்தைக்கும் தேவை. ஆறு பேருக்கும் ஆறு அட்டை. போகும் நாளுக்கு முன் மூன்று நாட்களுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறைத் தளத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி. நம்மவர்களுக்குப் பெயரில்தான் குழப்பம் வரும். அப்பா பெயரைச் சேர்ப்பதா, இனிஷியலை விரிப்பதா என்று யோசிக்க வேண்டாம். கடவுச்சீட்டில் அச்சாகியிருப்பது அப்படியே வரட்டும். எண்ணில் பூஜ்யமும் ஆங்கில ‘ஓ’வும் மாறிவிடாமல் பாருங்கள்.

திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டையைப் பெற்றோர் இருவரும் நிரப்ப வேண்டும். நீண்டகாலப் பாஸ் இருக்கும் உங்கள் நால்வருக்கும் தரைவழி வரும்போது தேவையில்லை. சிங்கப்பூர்ச் சாவடிக்கு, அந்நாட்டுக் குடிநுழைவு ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே கியூஆர் குறியீடு உருவாக்கிக்கொள்ளலாம், 10 பேர் வரை சேரும். பெற்றோர் ஏற்கனவே இதே கடவுச்சீட்டில் சிங்கப்பூருக்குள் வந்திருப்பதால் அவர்களையும் சேர்க்கலாம். குறியீடு இருந்தாலும் கடவுச்சீட்டுகள் கையில் இருக்க வேண்டும். மலேசியச் சாவடியில் இந்தக் குறியீடு செல்லாது. அங்கே கைரேகைக்காகப் பெற்றோரை இறங்கச் சொன்னால் பதறாமல் இறங்குங்கள். கடவுச்சீட்டுகளை ஓட்டுநரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு உட்காராதீர்கள். அவை கைக்குத் திரும்பி வந்ததும் ஆறையும் எண்ணி, ஒவ்வொருவருக்கும் நுழைவு பதிவாகிவிட்டதா என்று அங்கேயே கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். பதிவு விடுபட்டால் ஞாயிற்றுக்கிழமை வெளியேறும்போது சிக்கல்.

விடுதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜோங்கர் தெருவில் வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் இரவுச் சந்தை. தெருவில் வண்டி போக முடியாது. சுற்றியுள்ள தெருக்களும் குறுகல், ஒருவழிப் பாதைகள் அதிகம். பகல் வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்தால் வாசலிலேயே இறங்கலாம், மாலையானால் தெருமுனையில் இறங்கிக் கூட்டத்துக்குள் பெட்டி இழுக்க வேண்டும். காலையில் கிளம்பச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய வீட்டு விடுதிகள் பலவற்றில் மின்தூக்கி கிடையாது, மரப்படிகள் செங்குத்தாக இருக்கும். தரைத்தள அறை, அறையோடு சேர்ந்த குளியலறை என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். இல்லை என்றால் மின்தூக்கி உள்ள விடுதிக்கு மாறுங்கள்.

இரண்டு நாளும் ஓட்டுநரைக் கூடவே வைத்துக்கொள்ளும் “முழு வாடகை” உங்களுக்குத் தேவையில்லை. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரம் சின்னது. 1753இல் கட்டிய கிறிஸ்து தேவாலயமும் டச்சுச் சதுக்கமும் ஜோங்கர் தெருவிலிருந்து ஆற்றுப்பாலம் தாண்டினால் வந்துவிடும். மலாக்கா செட்டிகள் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகமூர்த்தி கோயில் துக்காங் எமாஸ் தெருவில், அடுத்த தெருதான்; உங்கள் பெற்றோர் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். அதே வரிசையில் கம்போங் கிளிங் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் இருக்கின்றன. செயின்ட் பால் குன்றுப் படிகளை அப்பா விட்டுவிடலாம், கீழேயே போர்த்துக்கீசியரின் கோட்டை வாயில் நிற்கிறது. நடக்க முடியாத தூரத்துக்குச் செயலி டாக்சி போதும். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு பயணம் மட்டும் பேசுங்கள். ஒரே ஓட்டுநர் அன்றே திரும்பிப் போவதானால் 500 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்பதை நினைவில் வையுங்கள். இரவுப் பயணத்தைத் தவிர்க்க அதுவும் ஒரு காரணம்.

வாடகை பேசும்போது இறுதித் தொகையில் இரு பக்கச் சாலைக்கட்டணம், எல்லைக் கட்டணம், எரிபொருள், சாவடிக் காத்திருப்பு, இரண்டு ஓய்வு நிறுத்தம் எல்லாம் அடக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தகராறு வருவது பெரும்பாலும் காத்திருப்பில்தான்: முதல் ஒரு மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு இவ்வளவு என்று சின்ன எழுத்தில் இருக்கும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே தனிநபர் கணக்கில் போடாதீர்கள். சிங்கப்பூர் வண்டியானால் எல்லை தாண்டும்போது எரிபொருள் தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும். ஓட்டுநர் வீட்டுக்கு வரும் முன்பே நிரப்பிவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

திரும்பும்போது பைகளில் என்ன இருக்கிறது என்பதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. மலேசியாவிலிருந்து வருபவருக்கு மதுவில் வரிச்சலுகை கிடையாது, சிகரெட்டில் யாருக்கும் கிடையாது. மின்சிகரெட்டும் சூயிங்கமும் தடை. 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் 500 வெள்ளி வரையிலான பொருள்களுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, குறைந்தால் 100 வெள்ளி. ஆனால் அது எம்ப்ளாய்மெண்ட் பாஸ், டிபெண்டன்ட் பாஸ் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தாது. உங்கள் குடும்பத்தில் பெற்றோருக்கு மட்டுமே. அப்பாவின் மாத்திரைகளை அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தோ சில வகைத் தூக்க மாத்திரையோ இருந்தால் சிங்கப்பூருக்குள் கொண்டுவர முன் அனுமதி வேண்டும்.

புறப்படும் நாளுக்கு முந்தைய இரவு வண்டி எண், ஓட்டுநர் பெயர், கைப்பேசி எண் மூன்றும் உங்களுக்கு வந்துவிட வேண்டும். காலையில் வேறு எண் வண்டி வந்து நின்றால், அந்த எண்ணுக்கான உரிம நகல்கள் வரும்வரை பெட்டிகளை ஏற்றாதீர்கள். அரை மணி நேரம் தாமதமானாலும் பரவாயில்லை. வரவில்லை என்றால் எல்லை டாக்சியைக் கூப்பிடுங்கள், லார்க்கினில் ஏறும் வண்டியை அன்று காலையிலும் பேசி முடிக்கலாம்.